கட்டைவிரல் உயர்ந்தபோதெல்லாம்

கோப்பையில் முதலில் பாலை ஊற்றிவிட்டு, அதன் மேல் தேநீரை ஊற்றுபவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. நீங்கள் சற்று முன் அப்படித்தான் ஊற்றினீர்கள். பரவாயில்லை, குடியுங்கள். லண்டனிலிருந்து கிரிம்ஸ்பிக்கு ரயில் மாறி மாறி வந்திருக்கிறீர்கள், களைப்பாக இருக்கும். அந்தப் பதிவுக் கருவியை மட்டும் கெட்டிலை விட்டுக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் கொதிக்கிற சத்தம்தான் பதிவாகும். ஒலி விஷயத்தில் நான் சொன்னால் கேட்கலாம், அது என் தொழில்.

உங்கள் படத்துக்கு ‘உரிய மதிப்புக் கிடைக்காத குழு’ என்று பெயர் வைத்திருக்கிறீர்களாமே. நல்ல பெயர். மதிப்புக் கொடுத்திருக்க வேண்டியவர்கள் யாரோ அவர்களே கால் நூற்றாண்டு கழித்து வந்து, ஐயோ கிடைக்கவில்லையே என்று உச்சுக்கொட்டுவது எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் குழுவின் பெயரை, ‘சால்ட் லாரி’ என்று அச்சடித்த சட்டை வேறு போட்டுக்கொண்டு வந்திருக்கிறீர்கள். அந்தப் பச்சை நிறத்தில் நாங்கள் சட்டை போட்டதே இல்லை. எங்களுடையது கறுப்பு, இரண்டு தடவை துவைத்தால் எழுத்து போய்விடும். உங்களுடையது நன்றாக இருக்கிறது, எழுத்து போகாது.

எங்கள் பாடகன் டெஸ்ஸின் காது எப்படிப் போனது என்று கேட்டீர்கள். குழு கலைந்ததற்கு அதுதான் காரணம் என்பது உங்களுக்கே தெரியும். சத்தத்தில் நின்று நின்று போய்விட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். அது பொய்யில்லை. ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் பாதிதான் சொன்னதாகும். மீதியை இதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை. ஒலிக்காரனிடம் யார் எதைக் கேட்பார்கள்?

பங்க் இசை என்றாலே கத்தல் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் திருத்துவது என் வேலையல்ல. டெஸ் கட்ஃபோர்த் கத்தவில்லை, பாடினான். பகலெல்லாம் மீன் பதப்படுத்தும் ஆலையில் உறைந்த மீன் பெட்டி அடுக்கிவிட்டு வருகிறவனுக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ. தொண்டைக்குள் சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்கியது போலக் கரகரப்பு, அதற்குள் ஒரு மெட்டு. கிதார் இரண்டும் தலைதெறிக்க ஓடும், மெட்டு மட்டும் அவசரப்படாமல் நடுவில் நடந்து போகும். அவனுடைய அக்கா லோர்னா பேஸ் கிதார் வாசித்தாள். கடைசி வரியில் அவள் மேலே ஏறி அவனோடு சேர்ந்து பாடும்போது என்னைப் போன்றவனுக்கே ஒரு கணம் கை நிற்கும். இரண்டு நிமிடத்தில் பாட்டு முடிந்துவிடும். இவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ள மேதையாக இருக்க வேண்டியதில்லை, ஆனாலும் நாட்டில் பெரும்பாலோருக்குப் புரியவில்லை.

கேட்க வந்தவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முன்வரிசையில் பாதிப் பேர் பியரை ஊற்றிக்கொண்டு குதிப்பார்கள், பாட்டு மாறியதுகூடத் தெரியாது. மீதிப் பேர் மாணவர்கள், கையைக் கட்டிக்கொண்டு பரீட்சைக் கண்காணிப்பாளர்கள் மாதிரி நிற்பார்கள். லண்டன் பத்திரிகைக்காரர்கள் எங்கள் மீன்பிடித் துறைமுகமான கிரிம்ஸ்பியின் பெயரைக் கேட்டதும் மூக்கைச் சுளித்துவிட்டு, மீன் வாடை வீசும் இசை என்று எழுதினார்கள். வருஷக்கணக்காக இவர்கள் எல்லோருக்கும் நான்தான் ஒலி கலந்து கொடுத்தேன். அந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். காது என்பது பெரும்பாலானவர்களுக்குக் கண்ணாடி மாட்டிக்கொள்வதற்காகக் கொடுக்கப்பட்டது.

அதனால்தான் என் காதை நான் பத்திரமாக வைத்திருந்தேன். தோல் நிறத்தில் மெழுகு அடைப்பான், மருந்துக்கடையில் கிடைக்கும். அரங்கக் கதவைத் திறப்பதற்கு முன்பே நன்றாக உள்ளே தள்ளிவிடுவேன், வேனில் ஏறிய பிறகுதான் எடுப்பேன். அப்போது எனக்கு முடி நீளம், யாருக்கும் தெரியாது. பிறகு எப்படிக் கலந்தீர்கள் என்று கேட்கிறீர்களா? மிக்ஸரில், அதாவது ஒலி கலக்கும் பலகையில், ஒலியளவைக் காட்டும் முள் இருக்கிறது. முள் ஆடுவதைப் பார்த்தால் போதும். இந்தத் தொழிலில் இருப்பவனுக்குக் கண்ணே காது.

இப்போது கட்டைவிரல் விஷயத்துக்கு வருகிறேன். மேடையில் பாடகனின் காலடியில் அவன் முகத்தைப் பார்த்தபடி ஒரு ஸ்பீக்கர் சாய்ந்து கிடக்குமே, மானிட்டர். அவன் குரல் அவனுக்கே கேட்பதற்காக அது. உலகத்தில் எந்தப் பாடகனும் அதில் தன் குரல் போதும் என்று சொன்னதில்லை. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் மிக்ஸர் பக்கம் பார்த்து, மானிட்டரைக் காட்டிவிட்டுக் கட்டைவிரலை மேலே உயர்த்துவான். இன்னும் கொடு என்று அர்த்தம். சரி என்று தலையாட்டிவிட்டு, குனிந்து, ஒரு பொத்தானைத் தொடுவது போல் தொட்டு, ஒன்றுமே செய்யாமல் நிமிர வேண்டும். அவனுக்கு உடனே நன்றாகக் கேட்க ஆரம்பித்துவிடும். இது எல்லா ஒலிக்காரர்களுக்கும் தெரிந்த வித்தை. பாடகர்களிடம் யாரும் சொல்வதில்லை. உண்மையாகவே கூட்டிக்கொண்டே போனால் அவன் காது என்னத்துக்கு ஆகும்?

டெஸ்ஸை நான் வருஷக்கணக்காக இப்படி ஏமாற்றினேன். ஒவ்வொரு மேடையிலும் கட்டைவிரல் உயரும், நான் தலையாட்டுவேன், அவன் சிரிப்பான். அவன் காது அத்தனை காலம் நன்றாக இருந்தது என்றால் அதற்கு நன்றி சொல்ல வேண்டியது எனக்கு. இதையும் படத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், சேர்க்க மாட்டீர்கள் என்று தெரியும்.

பிறகு லீட்ஸ் வந்தது. பழைய தொழிலாளர் மன்றம் ஒன்றில் நிகழ்ச்சி. சுவரில் பிங்கோ ஆட்டத்தின் எண் பலகை, பின்னால் மினுமினுக்கும் ஜிகினாத் திரை. கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். லண்டனிலிருந்து ஜூலியன் என்றொருவன் வந்திருந்தான், பெரிய இசைத்தட்டுக் கம்பெனி ஆள், வியர்த்து ஊற்றும் அந்தக் கூடத்திலும் கழுத்தில் கம்பளித்துண்டைக் கழற்றாதவன். கடைசிப் பாட்டுக்கு முன் டெஸ் என் பக்கம் திரும்பினான். நான் கட்டைவிரலை எதிர்பார்த்தேன். அவன் உள்ளங்கையைக் கீழ்நோக்கி ஆட்டினான். முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்துக் காட்டினான். எல்லாவற்றையும் அணை என்றான். மைக், ஸ்பீக்கர், எல்லாம்.

அணைத்தேன். டிரம்ஸ்காரன் எழுந்து போய்விட்டான். டெஸ் ஒரு மரக் கிதாரை எடுத்துக்கொண்டு மேடை விளிம்பில் உட்கார்ந்தான், லோர்னா பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் வெறும் வாயால் பாடினார்கள். புதுப் பாட்டு. அதை எங்களிடம்கூட அதற்கு முன் பாடிக் காட்டியதில்லை. அப்பாவைப் பற்றி எழுதியது என்று பிறகு சொன்னார்கள், அவர்களுடைய அப்பா மீன்பிடிக் கப்பலில் போய்த் திரும்பாதவர். நேரமாகிறது, முடியுங்கள் என்று சொல்ல வந்த மன்றத்துப் பொறுப்பாளர், பெரிய தொந்திக்காரர், சாவிக்கொத்தைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். குதிக்கிற கூட்டம் சிலையாக நின்றது. ஜூலியன் கம்பளித்துண்டைக் கழற்றினான்.

இழுவையான பாட்டு. அழுமூஞ்சிப் பாட்டு. கல்யாண வீட்டில் குடித்துவிட்டு மாமாக்கள் பாடுவது போல. அப்படிப்பட்ட பாட்டுக்குத்தான் ஜனங்கள் அழுவார்கள். இத்தனை வருஷம் நல்ல பாட்டைக் கொடுத்தபோது பியரை ஊற்றிக்கொண்டு நின்றவர்கள், ஒரு மரக் கிதாரைக் கண்டதும் மூக்கைச் சிந்தினார்கள். எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. இது சால்ட் லாரியின் முடிவு. இனிமேல் இவர்கள் இதைத்தான் பாடுவார்கள், வயலின் வைப்பார்கள், தொலைக்காட்சியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடுவார்கள்.

அடுத்த வாரமே கிளீதார்ப்ஸ் கடற்கரையில் மீனும் சிப்ஸும் சாப்பிடும்போது டெஸ் என்னிடம் ஆரம்பித்தான்.

“கிளைவ், ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதடா.”

“சொல்லு.”

“அந்த ஜூலியன் இருக்கான்ல... அவனுக்கு அந்தப் பாட்டு ரொம்பப் புடிச்சுப் போச்சாம். ரெக்கார்டு போடலாங்கிறான். அதான், அது சம்பந்தமா...”

“எதுக்குடா மென்னு முழுங்குற?” என்றாள் லோர்னா. “நான் சொல்றேன். கிளைவ், குளிர்காலத்துல ரெக்கார்டிங். அதுலருந்து சவுண்டுக்கு அவங்க ஆளு வர்றான். நீ எங்ககூடவே இரு, வேன் ஓட்டு, சட்டை வித்துக் குடு. உன்னை யாரும் போகச் சொல்லல.”

“ஏன், என் சவுண்டுக்கு என்ன?”

“எங்க ரெண்டு பேர் குரலும் சேத்துக்குள்ள கெடக்குற மாதிரி இருக்குன்னு ஜூலியன் சொல்றான்.” அவள் சிப்ஸைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “எனக்கும் அப்படித்தான் தோணுது, கிளைவ். ரொம்ப நாளா.”

“ஏய், வாயை மூடு” என்றான் டெஸ். “இந்த இலையுதிர் கால டூர் பூரா நம்ம கிளைவ்தான். அவன் இல்லாம நான் மேடை ஏறினதே இல்ல.”

சரி என்றேன். வினிகர் புட்டியை லோர்னா பக்கம் நகர்த்தினேன். அதற்குப் பழிவாங்கத்தான் பிறகு செய்ததைச் செய்தேன் என்று நீங்கள் நினைத்தால் உங்கள் படம் நன்றாக ஓடும், ஆனால் தவறாக இருக்கும். என் வேலை போனது எனக்குப் பெரிய விஷயமே இல்லை. கடற்கரை விடுதிகளில் பிங்கோவுக்கு மைக் வைத்துக் கொடுத்தால் வயிறு நிறையும், இப்போதும் நிறைகிறது. நான் கவலைப்பட்டது பாட்டுக்காக. யாராவது ஒருவன் அவர்களைத் தடுத்தாக வேண்டியிருந்தது, விஷயம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் இருந்தேன்.

நான் செய்தது மிகச் சிறிய காரியம். டெஸ்ஸை ஏமாற்றுவதை நிறுத்தினேன். அவ்வளவுதான். அந்த டூரில் அவன் கட்டைவிரலை உயர்த்தியபோதெல்லாம், அவன் கேட்டதை உண்மையாகவே கொடுத்தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் கொஞ்சம். நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று ஆரம்பிப்பேன். அதிலும் எந்தச் சத்தம் காதை அரிக்கும் என்று எனக்குத் தெரியும். அடிச்சத்தம் ஒன்றும் செய்யாது. தட்டில் கரண்டி கீறுவது போன்ற அந்த மேல்சத்தம் இருக்கிறதே, அதைத்தான் கூட்டினேன். கூடத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அவன் நின்ற இடத்தில் மட்டும்தான் அது இருந்தது.

காது பழுதாகப் பழுதாக அவனுக்குத் தன் குரல் குறைவாகக் கேட்டது. குறைவாகக் கேட்கக் கேட்கக் கட்டைவிரலை அடிக்கடி உயர்த்தினான். நான் பாதி வேலைதான் செய்தேன் என்று சொன்னால் அதில் தவறில்லை.

அந்த டூரில் பெல்ஜியத்தில் இருந்தபோது வேனில் என்னிடம் கேட்டான், “டேய், எங்கயாவது கெட்டில் கொதிக்குதா?” ஓடுகிற வேனில் கெட்டில் ஏது? தூங்கும்போது வானொலியை நிலையம் கிடைக்காத இடத்தில் வைத்து, அந்த இரைச்சலைத் தலைமாட்டில் ஓடவிட்டுப் படுத்தான். உள்ளே கேட்கும் விசிலை அது மறைக்கிறதாம். லோர்னா முட்டாளில்லை. ஒரு நாள் என் மேசைக்கு வந்து மிக்ஸரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இவனுக்கு மானிட்டரை ரொம்ப ஏத்தி வெச்சிருக்கியா, கிளைவ்?”

“அவன் கேக்குறான், நான் குடுக்குறேன்” என்றேன். அது சத்தியமான வார்த்தை.

மறுநாள் அவள் கடைக்குப் போய் அவனுக்குக் காதடைப்பான் வாங்கி வந்தாள். மேடை ஏறுமுன் எல்லோர் முன்னாலும் நீட்டினாள். அங்கேதான் அவள் தப்புச் செய்தாள். எங்கள் உலகத்தில் காதை அடைத்துக்கொண்டு மேடையேறுவதும் குடையைப் பிடித்துக்கொண்டு நீந்தப் போவதும் ஒன்று. சத்தத்துக்குப் பயப்படுகிறவன் வீட்டில் தோட்ட வேலை பார்க்கட்டும் என்பது அவர்கள் எழுதாத சட்டம். காது ரீங்கரித்தால் மறுநாள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட முட்டாள்கள். ஆனாலும் டெஸ் அதைக் கையில் வாங்கிவிட்டான். உருட்டிப் பார்த்தான். போட்டுக்கொள்வானோ என்று எனக்கே தோன்றியது.

“போட்டுக்கோடா” என்றேன். “அப்படியே பாட்டுக்கு நடுவுல லோர்னா வந்து சால்வை போர்த்தி, கஞ்சியும் குடுப்பா.”

எல்லோரும் சிரித்தார்கள். டிரம்ஸ்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். டெஸ்ஸும் சிரித்துவிட்டு, அடைப்பானைப் பக்கத்தில் இருந்த பியர் கோப்பைக்குள் போட்டான். லோர்னா மட்டும் என் முகத்தைப் பார்த்தாள். என் காதைப் பார்த்திருந்தால் கதை மாறியிருக்கும். அவளும் மற்றவர்களைப் போலத்தான், பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை.

ஜெர்மனியில், பிரேமன் நகரத்தில் எல்லாம் முடிந்தது. அங்கே ஒரு பழைய போர்க்காலப் பதுங்கு அறையைக் கூடமாக்கியிருந்தார்கள், சுவரெல்லாம் கான்கிரீட். பாட்டின் நடுவிலேயே டெஸ்ஸுக்குத் தன் குரல் கேட்கவில்லை. மண்டியிட்டு, இடது காதை மானிட்டர் ஸ்பீக்கரின் வலையோடு ஒட்டி வைத்தான். அப்படியே என்னைப் பார்த்தபடி கட்டைவிரலை உயர்த்தினான். நான் அவன் கண்களைப் பார்த்தேன். நம்பிக்கையான கண்கள். அவன் மானிட்டர் பொத்தானைக் கடைசிவரை தள்ளினேன்.

மானிட்டர் கீச்சிட்டது. அவன் கையில் இருந்த மைக்கும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் வரும் கீச்சல், உங்களுக்குத் தெரிந்திருக்கும். உடனே இறக்க வேண்டும். நான் உடனே இறக்கவில்லை. அவன் பின்னால் சாய்ந்து விழுந்து, காதைப் பொத்திக்கொண்டு சுருண்டான். ஜனங்கள் கை தட்டினார்கள். நிகழ்ச்சியில் அது ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். அந்தக் கைதட்டலைப் போன்ற கேவலமான ஒன்றை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

மீதியை லோர்னா உங்களிடம் சொல்லியிருப்பாள். குளிர்காலத்தில் பதிவு அறையில் அவன் பாட்டை எங்கோ ஆரம்பித்தான், அவள் எங்கோ இருந்தாள். அக்காவின் குரல் அவனுக்குக் கேட்கவில்லை. திரும்பத் திரும்பப் பாடிப் பார்த்தார்கள். ஜூலியன் மிகவும் மரியாதையாகக் கை குலுக்கிவிட்டு ரயிலைப் பிடித்தான். டெஸ் கிதாரைப் பெட்டியில் வைத்து மூடினான். அதற்குப் பிறகு திறக்கவில்லை என்று நினைக்கிறேன். இப்போது இடது காது முழுக்கப் போய்விட்டது, பக்கத்தில் லாரி போனால் வலது காதில் அதிர்வு தெரியும். வருத்தம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், அதனால்தான் சால்ட் லாரி கெட்டுப்போகவில்லை. நாற்காலி போட்டுப் பாடவில்லை. நீங்கள் தேடி வந்து படம் எடுக்கும் அளவுக்குச் சுத்தமாக இருக்கிறது. உங்கள் சட்டைக்கு நான்தான் காரணம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவனைக் கிளீதார்ப்ஸுக்குக் கூட்டிப் போகிறேன். அதே கடை, ஹேடாக் மீன், மசித்த பட்டாணி. அவனுக்காக நான்தான் கேட்டு வாங்குவேன். வேறு யாரும் அவனோடு அதிகம் பேசுவதில்லை, பேசிப் பயனில்லை. போன வாரம் சாப்பிட்டுக்கொண்டே, கேட்காதவர்கள் பேசுகிற அந்த உரத்த குரலில், கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி சொன்னான்:

“எல்லாப் பயலும் ஏமாத்தினானுங்கடா. கம்பெனி, பத்திரிகை, எல்லாம். நான் கேட்டதைக் கேட்டபடி குடுத்தவன் நீ ஒருத்தன்தான்.”

நான் தலையாட்டினேன். அதில் தவறு ஒன்றும் இல்லையே.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. லீட்ஸில் பாடிய அந்தப் பாட்டு எங்கும் பதிவாகவில்லை, டெஸ்ஸுக்கு வரிகள் நினைவிருக்கிறது ஆனால் மெட்டை இனி அவனால் பிடிக்க முடியாது, லோர்னா பாட மறுக்கிறாள். அன்று அங்கே இருந்தவன், இசை தெரிந்தவன் என்பதால் நான் அதைக் கொஞ்சம் முணுமுணுத்துக் காட்ட முடியுமா என்று கேட்கிறீர்கள். முடியாது. அடைப்பான்தான் போட்டிருந்தேனே. எல்லாவற்றையும் அணைத்த பிறகு முள்ளும் ஆடவில்லை. இரண்டு பேரின் வாயும் அசைந்தது, அதைப் பார்த்தேன். ஆமாம், என் கைகள் சும்மாதான் இருந்தன, அடைப்பானை எடுக்க ஒரு நொடி போதும். எடுக்கத் தோன்றவில்லை. அப்படிப்பட்ட பாட்டெல்லாம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள, என்னைப் போன்றவன் அதைக் கேட்டுப் பார்க்க வேண்டியதில்லை.